குருத்தோலைக் கும்பல்

"இது நீங்கதானே?"

பசியாறிக்கொண்டிருந்த பால்ராஜின் மூக்கடியில் மனைவி அக்னஸ் கைப்பேசியை நீட்டினாள்.

படத்தில் சட்டையில்லாத பால்ராஜ், கைலியை மடித்துக் கட்டி, கையில் பாராங் கத்தியோடு நடந்துகொண்டிருந்தார். மேலே உள்ளூர்ச் செய்தித்தளத்தின் தலைப்பு: 'தஞ்சோங் கிளிங்கில் கத்தியுடன் இந்திய ஆடவர், குடியிருப்பாளர்கள் பீதி.'

"அடப்பாவிங்களா, குருத்து ஞாயிறுக்கு ஓலை வெட்டப் போனது ஒரு குத்தமா? தோள்ல ஓலைக்கட்டு இருந்துச்சே, அதக் காணோம்லா. எல்லாம் அந்த ரஃபிக்கால வந்தது. அவன் வந்திருந்தா நான் ஏன் கத்தியத் தூக்குறேன்?"

ரஃபிக், அவர்களுடைய தாமான் குடியிருப்பில் புல்லும் மரமும் வெட்டும் வங்காளதேசத்துக்காரன்.

"அவனப் பத்தியும் போன வாரம் செய்தி வந்துச்சாம். பயந்துபோய் மெர்லிமாவுக்கு ஓடிட்டான், பாவம்."

"நெருப்பில்லாம புகையுமா?" என்றார் பால்ராஜ்.

அவருக்குப் பிழைப்பு பள்ளி வேன். பதினான்கு பிள்ளைகள். தேநீர் ஆறுவதற்குள் ஐந்து பிள்ளைகளின் தாய்மார்கள் 'நாளைலருந்து வேன் வேணாம்' என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஒருத்தி போன் போட்டே கேட்டாள்: "நெருப்பில்லாம புகையுமா, அங்கிள்?"

பால்ராஜ் செய்தித்தளத்தை அழைத்துப் பொறுமையாக விளக்கினார். "ஆமா தம்பி, கத்தி என்னுதுதான். இருபது வருஷமா வச்சிருக்கேன்."

மாலையில் புதுத் தலைப்பு வந்தது: 'இருபது ஆண்டுகளாகக் கத்தி: இந்திய ஆடவர் ஒப்புதல்.' இன்னும் நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

"சாட்சிக்கு சர்ச் ஆளுங்களக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அக்னஸ்.

மறுநாள் பாடகர் குழு எட்டுப் பேரும் பெரிய வெள்ளிக்கான ஒத்திகை முடிந்த கையோடு கிளம்பினார்கள். குழுவுக்குச் சீருடை கறுப்புச் சட்டை. செய்தித்தள அலுவலகத்தில் காவலாளி உள்ளே விடவில்லை. தாங்கள் யார் என்று நிரூபிக்க, வாசலிலேயே நின்று சிலுவைப் பாட்டொன்றை முழுதாகப் பாடினார்கள்.

'கறுப்புச் சட்டைக் கும்பல் முற்றுகை, பெருங்கூச்சல்.'

"நாலு குரலாப் பிரிச்சுப் பாடுனோம்லா, கூச்சலாமே," என்று நொந்துகொண்டார் அடிக்குரல் சாமுவேல்.

வேனில் மிஞ்சியது இரண்டே பிள்ளைகள். இரண்டும் பால்ராஜின் சொந்தப் பிள்ளைகள். அவர்களும், "நாங்க நடந்தே போறோம்பா," என்றார்கள்.

பால்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தனியாகப் போனார். இந்த முறை உள்ளே விட்டார்கள். செய்தி எழுதிய தனேஷ் மரியாதையாக நாற்காலி போட்டான்.

"ஏன் தம்பி, யாரு, எதுக்குக் கத்தி வச்சிருக்கான்னு ஒரு வார்த்த கேக்காம இப்படியா போடுவீங்க? என் பொழப்பே போச்சு."

தனேஷ் கைப்பேசியைத் தேய்த்து எதையோ தேடி எடுத்தான்.

"போன வாரம் ஓலை வெட்டப் போன பங்களாதேஷ்காரன வேன்லருந்தே முதுகுப் பக்கமா படம் எடுத்து அனுப்புனீங்களே, அங்கிள். அதுக்கும் இதே தலைப்புதான் போட்டேன். நீங்க 'சூப்பர் தம்பி'ன்னு கட்டைவிரல் அனுப்பியிருக்கீங்க, பாருங்க."