பச்சை ஸ்டிக்கர் மேல் சபதம்

ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளைக் கழுவாமலே கடிக்கிற ஆள் நான். ஒட்டியவன் கழுவியிருப்பான் என்று ஒரு நம்பிக்கை! (எட்டாங்கிளாஸ்தான் என்னைத் தாண்டிப் போனது, நான் அதைத் தாண்டவில்லை.)

ஆவடியில் ஜெராக்ஸ் கடை போட்ட புதிது. ஊர்க்காரர்களின் ஆதார் அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். அதனால் வாங்கும்போதே கெத்தாகக் கேட்டேன்: "இது சேஃபா அண்ணாத்தே?"

விற்றவர் குரலைத் தாழ்த்தினார். "பிராசஸர் உள்ள இன்னொரு குட்டி கம்ப்யூட்டர் குந்திகினு கீது நைனா. மிஷினை ஆஃப் பண்ணாலும் அது தூங்காது. வேற எடத்துலேர்ந்தே மிஷினை எழுப்பலாம். ஆனா நாங்க அத்த அணைச்சிட்டுத்தான் தர்றோம். இந்தா பாரு!"

பச்சை ஸ்டிக்கர்! 'உள் கண்காணிப்பு அணைக்கப்பட்டது' என்று போட்டிருந்தது. பெட்டி மேல் காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அடடா, அணைந்தேவிட்டது!

கொஞ்ச நாளில் பெண் வீட்டார் கடையைப் பார்க்க வந்தார்கள். மஞ்சு, அவள் அப்பா, ஐ.டி.யில் வேலை பார்க்கும் அண்ணன் குமரன். மஞ்சுவைப் போட்டோவில் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஸ்டிக்கரைக் காட்டிப் பீற்றினேன்.

"ஸ்டிக்கர் சரி மச்சான், செட்டிங்ஸ்ல பாத்தியா?" என்றான் குமரன்.

"கம்பெனியே சொல்லுது, நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?" கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு மீசையை முறுக்கினேன். "இத்த எவனாச்சும் தூர நின்னு எழுப்பிட்டா, எனக்குக் கல்யாணமே வேணாம்!"

குமரன் மூலையிலிருந்த நெட் பெட்டியோடு தன் லேப்டாப்பை வயரால் இணைத்து, எதையோ தட்டினான்.

என் கம்ப்யூட்டர் 'பீப்' என்றது! உள்ளே ஃபேன் உறுமியது! பாஸ்வேர்டு கேட்டிருந்தாலாவது தப்பித்திருப்பேன். (அதையும் போட்டு வைக்கவில்லை.) திரையில் நேராக முகப்புப் படம்: மாலையும் கழுத்துமாக நானும் மஞ்சுவும்! போட்டோவை வெட்டி ஒட்டிய கலைஞன் அடியேன்தான்.

"உள்ள எவனும் தொடவே இல்ல மாமே, வெறும் ஸ்டிக்கர்தான் ஒட்டிக்கிறான்!" குமரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மஞ்சுவின் அப்பா எழுந்தார். "கல்யாணம் வேணாம்னு நீயே சொல்ட்ட. அப்ப நாங்க கெளம்பறோம்."

மஞ்சுவோ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுடுப்பா," என்றாள். "அவரு சபதமும் ஸ்டிக்கர்தான். உள்ள ஒண்ணியும் அணையல."

கல்யாணமான பிறகு இப்போதும் வீட்டுக்குள்ளிருந்து, "மோட்டார் ஆஃப் பண்ணிட்டேன் மஞ்சு!" என்று கத்துகிறேன். மாடியிலிருந்து தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரோடு பதிலும் கொட்டுகிறது:

"ஆஃப் பண்ணியா, ஸ்டிக்கர் ஒட்டினியா?"