குத்தகை வண்டிக்கு ஒரு கவசம்

பின் கதவின் கீழ் ஓரத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது.

மருதாசலம் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். விரலால் தடவிப் பார்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். கீறல் போகவில்லை. முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"சௌந்திரம், இங்க கொஞ்சம் வா."

மாவுக் கையோடு அவர் மனைவி வெளியே வந்தாள். "என்னுங்க, வண்டி மேல கோழி ஏறிருச்சா?"

"கோழின்னா எறக்கி உட்டிருப்பேன். இதைப் பாரு."

"மசுரு மாதிரி என்னமோ ஒட்டியிருக்குது. தொடைச்சு உடுங்க."

"தொடைச்சதுலதான் இதுவே தெரிஞ்சுது."

சௌந்திரம் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்த வண்டி அவர்களுடையது இல்லை.

மருதாசலம் பதினெட்டு வருசம் தனியார் பஸ் ஓட்டியவர். கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்துவார். தூரத்தில் யாராவது மூட்டையோடு நடந்து வந்தால்கூட, 'பாவம், இந்த பஸ்ஸுக்குத்தான் வர்றாங்களோ என்னமோ' என்று காத்திருந்து ஏற்றிக்கொள்வார். அதனால் அவருடைய பஸ் எந்த ஊருக்கும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. பஸ் முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆண்டவன் ஒரு கதவைச் சாத்தினால் சன்னலையாவது திறந்து வைப்பான். அப்படிக் காத்திருந்து ஏற்றிக்கொண்டவர்களில் சங்ககிரிக் குப்பாயியும் ஒருத்தி. மருதாசலத்தின் ஊரான நாமகிரிப்பேட்டைதான் அவளுக்கும் பிறந்த ஊர். அவள் வீட்டுக்காரர் பெயர் சென்னிமலை. அவருக்கு நாலு லாரி. லாரிகளுக்குத் துணையாகப் புதிதாக ஒரு அம்பாசிடர் கார் வாங்கி, அதைக் குத்தகைக்கு விட ஆள் தேடிக்கொண்டிருந்தார். "அந்த பஸ் டிரைவருக்கே குடுங்க" என்று குப்பாயிதான் சொன்னாளாம்.

மாசி முதல் வெள்ளிக்கிழமை சங்ககிரியில் வைத்து வண்டியைக் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் குப்பாயி தன் கையால் கோணூசியில் கோத்து முன்னால் கட்டினாள். மூட்டை தைக்கிற அந்தப் பெரிய ஊசியை இடுப்பில் செருகிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து, கதவுக்குக் கதவு சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள்.

சென்னிமலை அதிகம் பேசாதவர். அன்று நாலு வார்த்தை பேசினார். "ஒரு மாசம் ஓட்டு. பங்குனி மொத வெள்ளிக்கு நாங்க வந்து வண்டியைப் பாக்கறோம். அப்பறம் மூணு வருசத்துக்குக் குத்தகை எழுதிக்கலாம். எஞ்சின் தேயும், டயர் தேயும், அதையெல்லாம் நான் கேக்க மாட்டேன். பெயிண்டு மட்டும் நான் குடுத்தாப்பலயே இருக்கோணும்."

"ஆமா சாமி, பெயிண்டுல மட்டும் யாரும் கை வெக்காமப் பாத்துக்க" என்று குப்பாயியும் சொன்னாள்.

மருதாசலம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அவள் வைத்த சந்தனப் பொட்டின் மேல் தண்ணீர் படாமல்தான் மூன்று வாரமும் வண்டி கழுவினார். நேற்றைக்குக் காலம் தப்பி ஒரு மழை பெய்து, சேற்றையும் சந்தனத்தையும் சேர்த்து அலசிவிட்டுப் போயிற்று. இன்று காலையில் துடைத்தால் கீறல்.

"வெண்ணந்தூர்ல தறிக்குப் பாவு நூலு ஏத்திக்கிட்டு ஒரு மாட்டு வண்டி வந்துச்சு. அதுக்கு வழி உடலாம்னு முள்ளுவேலிப் பக்கம் ஒதுங்குனேன்" என்றார் மருதாசலம். "அப்பத்தான் பட்டிருக்கோணும்."

"உங்களை யாரு ஒதுங்கச் சொன்னது?"

"மாடு பாவம்ல?"

பங்குனி முதல் வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"என்ற வெள்ளிக் கொலுசைப் பல்பொடி போட்டுத்தான் தேய்ப்பேன். புதுசாட்டம் ஆயிரும்" என்றாள் சௌந்திரம். பல்பொடி வந்தது. மருதாசலம் அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். கழுவிப் பார்த்தபோது, கீறலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்துப்போயிருந்தது. பொட்டல் காட்டின் நடுவே வரப்புப் போட்டதுபோல் கீறல் மட்டும் அப்படியே இருந்தது.

"கொலுசுக்கு நல்லாத்தானுங்க வரும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் கார் நிறுத்தத்துக்கு எதிரே, கந்தனின் டீக்கடையில் வேலுமணி என்றொருவன் உட்கார்ந்திருந்தான். சேலத்திலிருந்து வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, தோல் பை. பைக்குள் தகர டப்பாக்கள்.

"பெயிண்டுக்குக் கவசமுங்க இது. மேல பூசிட்டா வெயிலு, மழை, காக்கா எச்சம், ஒண்ணும் அண்டாது. மூணு வருசம் கேரண்டி. அந்த மூணு வருசத்துக்கு உள்ள இருக்கறது வெளிய வராது, வெளிய இருக்கறது உள்ள போகாது."

"பளபளப்புப் போன எடம்?" என்றார் மருதாசலம்.

"தானா வந்துரும்."

"கீறலு இருந்தா?"

வேலுமணி டீக்கடைக் கூரையைப் பார்த்தான். "பூசுனதுக்கு அப்பறம் கண்ணுக்குத் தெரியறது சிரமமுங்க."

விலையைச் சொன்னான். "ஊட்டுல இருக்கற ரெண்டு ஆட்டுக்குட்டியையும் வித்தாத்தான் ஆவும்" என்றார் மருதாசலம்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கந்தன் நடுவில் புகுந்தான். "ஏனுங்ணா, வாடகை ஊட்டுக்கு யாராச்சும் கெணறு வெட்டுவாங்களா? வண்டி சங்ககிரிக்காரர்து. கவசம் அவரு போடட்டும். நீங்க எதுக்கு ஆட்டுக்குட்டியை விக்கறீங்க?"

"கெணறு வெட்டுனா தண்ணி நீங்கதானுங்க குடிக்கறீங்க" என்றான் வேலுமணி.

"மூணு வருசம் கழிச்சு?" என்றான் கந்தன்.

"மூணு வருசத்துல தண்ணி வத்திரும். கணக்குச் சரியாப் போச்சு."

மருதாசலத்துக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. எப்போதும் அவருக்கு அதுதான் கஷ்டம். வீட்டுக்கு வந்து சௌந்திரத்திடம் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொந்தச் சேலைன்னா வேலியில மாட்டிக் கிழிஞ்சாலும் தெச்சுக் கட்டிக்கலாம். எரவல் சேலையைக் கிழிய உடலாமுங்களா? அடுத்தவிய பொருளுக்குத்தான் காவலு அதிகமா வேணும். எம்பட ஆட்டுக்குட்டி ரெண்டையும் புடிச்சுக்கிட்டுப் போங்க."

ஆட்டுக்குட்டிகள் போயின. மறுநாள் வேலுமணி வந்து, வீட்டு வாசலில் வைத்து வண்டி முழுக்கப் பஞ்சால் பூச்சுப் போட்டான். வண்டி எண்ணெய்க் குளியல் போட்ட குழந்தைபோல் மினுமினுத்தது.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும் யாரும் தொடாதீங்க. நல்லாக் காத்தாட உடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

சேலத்துக்காரனுக்குத் தெரியாது. நாமகிரிப்பேட்டைக்காரர் மருதாசலத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாசிக் கடைசியில் அந்த ஊரில் எதையும் காற்றாட விடக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் களம். வேக வைத்து உலர்த்திய மஞ்சளைப் பெரிய தகர உருளையில் போட்டு நாலு பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பாலீஷ் ஏற ஏற அதன் தோல் தூளாகிப் பறக்கும். சாயங்காலம் காற்றுத் திசை மாறியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மருதாசலம் எட்டிப் பார்த்தார். சந்தன நிறத்து அம்பாசிடர் நின்ற இடத்தில், கல்யாணத்துக்கு நலங்கு வைத்த மாதிரி ஒரு மஞ்சள் வண்டி நின்றது.

துடைத்தார். வரவில்லை. பூச்சோடு பூச்சாகப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது வெளியே வராது என்று வேலுமணி சொன்னது எவ்வளவு உண்மையான வார்த்தை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் சௌந்திரம் சந்தைக்குப் போயிருந்தாள். யோசனை சொல்லக் கந்தன்தான் இருந்தான். "சலவைச் சோடாவைக் கரைச்சு ஊத்திப் பாருங்ணா. எங்கடையில எந்தக் கறைக்கும் அதான்."

மருதாசலம் ஒரு வாளி கரைத்து, வண்டியின் தலையில் ஊற்றினார்.

சௌந்திரம் சந்தைப் பையோடு திரும்பி வந்தாள். வாசலில் நின்றாள். வண்டியின் கூரையிலிருந்து கதவு வழியாகச் செக்கச் செவேலென்று வரி வரியாக வழிந்து காய்ந்திருந்தது.

"சோடா போட்டீங்களா?"

"ஆமா."

"மஞ்சளோட சோடா சேந்தாச் செவக்கும்னு தெரியாதுங்களா? ஆரத்தி பாத்ததில்ல?"

"ஆரத்தியில சுண்ணாம்புதானே கலக்குவீங்க?"

"சுண்ணாம்பும் சோடாவும் ஒரே ஊட்டுப் புள்ளைங்கதானுங்க."

மருதாசலம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். அவள் திட்டவில்லை. உள்ளே போய் அவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். திட்டுவதற்கு இருந்த எல்லா நேரத்தையும் அவள் மோர் கடைவதில் செலவழித்திருக்க வேண்டும். மோர் அவ்வளவு நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் வண்டிக்கு ஒரு புது மரியாதை வந்தது. வெளியூரிலிருந்து வந்த குஞ்சம்மாள் என்றொரு பெண்மணி வண்டி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "எந்தக் கோயில் வண்டிங்க இது?" என்று கேட்டாள். மருதாசலம் பதில் தேடுவதற்குள் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். பிரசவத்துக்கு ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு அவர் ஏற்றிப் போன ஒரு பெண், "சாமி வண்டியிலயே போறேன், பயமில்லீங்க" என்று சொன்னாள். அவளிடம் அவர் வாடகை வாங்கவில்லை. பிரசவத்துக்கு அவர் எப்போதும் வாங்குவதில்லை.

வேலுமணிக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அவன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, மிகவும் திருப்தியடைந்தான். "பூச்சு அருமையாப் புடிச்சிருக்குங்க. கேரண்டி பொய்யில்ல பாத்தீங்களா?"

"அந்தக் கீறலுகூட அப்படியே இருக்குதே" என்றார் மருதாசலம்.

"அதுக்கும் சேத்துத்தானுங்க கேரண்டி. இன்னி மூணு வருசத்துக்கு அது அழியாது."

வியாழக்கிழமை சாயங்காலம் கந்தன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். சோடா யோசனைக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. "ராசிபுரத்துல எனக்குத் தெரிஞ்ச பெயிண்டர் ஒருத்தர் இருக்காருங்ணா. எல்லாத்தையும் சொரண்டிப் போட்டுப் புதுசா அதே கலர் அடிச்சிருவாரு. விடியறதுக்குள்ள வண்டி ரெடி. கீறலும் போயிரும். யாருக்குத் தெரியப் போகுது?"

மருதாசலம் வண்டியைப் பார்த்தார். மூன்று வருசக் குத்தகை. வேறு தொழில் தெரியாது. ஐம்பதை எட்டப் போகிற டிரைவரை எந்த பஸ் முதலாளி சேர்த்துக்கொள்வார்? சாவி கையில்தான் இருந்தது. ராசிபுரம் பக்கத்தில்தான் இருந்தது.

"எனக்குத் தெரியும் கந்தா. முருகனுக்குத் தெரியும். ரெண்டு சாட்சி போதாதா?" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொண்டுபோய்ச் சாமி படத்தின் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்து நின்றது. சென்னிமலை இறங்கினார். பின்னாலேயே குப்பாயி, கையில் ஒரு பூப்பொட்டலத்தோடு.

மருதாசலம் அவர்கள் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். முள்ளுவேலியிலிருந்து பல்பொடி, பல்பொடியிலிருந்து கவசம், கவசத்திலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சோடா. ஒன்றையும் விடவில்லை. கந்தன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். "மொதல்ல தப்புப் பண்ணுனது நாந்தானுங்ணா. கீறல் உழுந்தது என்ற கையில. சாவி இந்தாங்க."

சென்னிமலை சாவியை வாங்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். தாடையைத் தடவினார்.

"நான் குடுக்கறப்ப இது சந்தனக் கலர்தான?"

"ஆமாங்ணா."

"நாலு லாரி வெச்சிருக்கறேன். ஒண்ணுகூட இப்பிடி ஒரு கலர்ல நான் பாத்ததில்ல."

சௌந்திரம் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஆட்டுக்குட்டியை வித்துங்க, நல்லதுக்குன்னு நெனச்சுத்தானுங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

குப்பாயி இது எதையும் காதில் வாங்கவில்லை. மஞ்சளைப் பார்க்கவில்லை, சிவப்பைப் பார்க்கவில்லை. நேராகப் பின் கதவுப் பக்கம் போய்க் குனிந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழ் ஓரத்தில் விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

"இருக்குதுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம். "அழியாம அப்படியே இருக்குது. மஞ்சளும் செவப்பும் நாலு நாள் வெயில்ல நின்னா வெளுத்துப் போயிரும். நீங்க குத்தகையை எழுதுங்க."

சென்னிமலை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மருதாசலம் அவளையும் கீறலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, கீறலைக் கண்ணால பாத்துட்டுமா எழுதச் சொல்றீங்க?"

குப்பாயி பூப்பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "பின்ன என்ன சாமி, நல்ல மனுசன் கையில புது வண்டி ஒரு பழுதும் இல்லாமப் போனா ஊருக் கண்ணு சும்மா உடுமான்னு, அன்னைக்குக் கோணூசியில அந்தக் கீறலைப் போட்டுச் சந்தனத்தை வெச்சு மறைச்சதே நாந்தான்."