வெள்ளம் பார்க்காத வண்டி

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இறங்கிப் போகிற எந்த ஊடுவழியில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். ரப்பர் இருக்கும், வாழை இருக்கும், மரச்சீனிக் கிழங்கு இருக்கும். இவற்றுக்கு நடுவே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வண்டிநோக்கியும் இருப்பார். மற்றதெல்லாம் நட்டால்தான் வளரும். இவர் தானாக முளைத்தவர்.

வண்டிநோக்கி என்றால் யார் என்கிறீர்களா? பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கூடவே கூட்டிக்கொண்டு போகிற ஆள். மெக்கானிக்கை அழைத்தால் கூலி கொடுக்க வேண்டும், புரோக்கரை அழைத்தால் கமிஷன் கொடுக்க வேண்டும், வண்டிநோக்கிக்கு ஒன்றும் வேண்டாம். போகிற வழியில் ஒரு சாயாவும் பழம்பொரியும், மத்தியானமானால் பொரித்த மீனோடு ஒரு ஊணு, அப்புறம் அவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது. அவ்வளவுதான். இத்தனை மலிவாக ஒரு நிபுணர் கிடைக்கும்போது யார்தான் விடுவார்கள்?

பிஜியும் விடவில்லை. விட முடியவில்லை என்று சொல்வதுதான் சரி. கணவன் ஜோஷி துபாயிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டான்: "சோமண்ணனக் கூட்டாம நீ ஒத்தைக்கு வண்டி எடுக்கப் போவாத கேட்டியா. அவியளுக்கு வண்டிக்க நாடி பிடிக்கத் தெரியும்."

பிஜிக்கு வண்டி வேண்டியிருந்தது ஆடம்பரத்துக்கு இல்லை. பிள்ளை பிறந்து, வீட்டில் உட்கார்ந்து, படித்த லேப் டெக்னீஷியன் படிப்பெல்லாம் மறந்துபோகுமோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்குக் கோட்டுகாலில் ஒரு லேபில் வேலை கிடைத்திருந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியும்போதே வந்து வாசலில் நிற்பார்கள், அதற்கு முன்னால் கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு இவள் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. லேப் நடத்துகிற குமாரி மேடம் நல்லவர்தான், ஆனால் நோயாளிகளைப் பசியோடு நிறுத்திவைக்கிற அளவுக்கு நல்லவர் இல்லை. "திங்கக்கிழம நீ வந்து கதவத் திறந்தா வேல உனக்கு. இல்லெங்கி அனகாவ விளிச்சிருவேன். அவளுக்கு ஸ்கூட்டி உண்டு" என்று சொல்லிவிட்டார். பிஜி ரெண்டு சக்கரத்தில் உட்கார்ந்தால் விழுவாள், நாலு சக்கரத்தில் நன்றாக ஓட்டுவாள். ஆகவே விலை குறைந்த, வழியில் நிற்காத, பெட்ரோலைக் குடித்துத் தீர்க்காத ஒரு சின்னக் கார். இதிலே பேராசை எங்கே இருக்கிறது?

சோமண்ணன் வந்தார். பஞ்சாயத்து ஆபீசில் ப்யூனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தக் காலம் முழுக்க ஆபீஸ் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டில் டிரைவர் வண்டியைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு ஞானம் பெற்றவர். சொந்தமாகக் கார் வாங்கியதே இல்லை. வாங்கியிருந்தால் அவரும் நம்மைப் போலத் தப்பு செய்கிற மனிதராகிவிட்டிருப்பார் அல்லவா? வாங்காததனால் அவர் கணக்கில் ஒரு தப்புகூட இல்லை.

அவர் வண்டி பார்க்கிற அழகைப் பார்க்க வேண்டும். முதலில் வண்டியை நேராகப் பார்க்க மாட்டார். விற்கிறவருடைய கிணறு, பலாமரம், மதில் எல்லாவற்றையும் பார்த்து, ஏதோ தெரியாத்தனமாகக் கண்ணில் பட்டதுபோல வண்டியிடம் வருவார். ஒரு சுற்று சுற்றுவார். டயரை ஒரு உதை. கதவில் விரல் முட்டியால் தட்டி, தேங்காய் முற்றிவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி காதை வைப்பார். பானட்டைத் திறந்து, ஆயில் அளவுக் கம்பியை உருவி, விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து, கண்ணை மூடி, "உம்" என்பார். அந்த "உம்"மில் விற்கிறவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

அப்புறம் "கொள்ளாம்" என்பார். இந்தப் பக்கத்தில் கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று பொருள். பிஜிக்கு முகம் மலரும். மலரட்டும், பாவம். சோமண்ணன் அகராதியில் கொள்ளாம் என்ற சொல் தனியாக வருவதில்லை, பின்னாலேயே ஒரு "ஆனா" வரும்.

"கொள்ளாம். ஆனா டாக்டர் ஓட்டின வண்டியாக்கும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடி எஞ்சினுக்கு மடி பிடிச்சு, சோம்பேறியாயிருக்கும்."

அடுத்தது டாக்சியாக ஓடிய வண்டி. "இது ஓடி ஓடியே செத்துது."

அதற்கடுத்தது ஒரு டீச்சருடையது. "மூணாம் கியருக்கு மேல போட்டிருக்க மாட்டாவ. நாலாம் கியரு துருப்பிடிச்சிருக்கும் மக்கா."

வளைகுடாக்காரர் வண்டி என்றால் ஷெட்டில் கிடந்து எலி ஒயரைக் கடித்திருக்கும். சிவப்பு வண்டி என்றால் எங்கேயோ இடித்துப் பெயிண்ட் மாற்றியது. டீசல் என்றால் செலவு, பெட்ரோல் என்றால் அதைவிடச் செலவு. லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று விற்கிறவர் சொன்னால் அதில் பாதியைத் தள்ளுவார். சொல்லாவிட்டால் முழுவதையும் தள்ளுவார்.

ஏன் இப்படி? யோசித்துப் பாருங்கள். எடு என்று சொன்ன வண்டி நாளைக்கு நடுரோட்டில் நின்றால் சோமண்ணன் பெயர்தான் நாறும். எடுக்கண்டாம் என்று சொன்ன வண்டி எங்கே நின்றாலும் யாருக்குத் தெரியப் போகிறது? அதுவும் போகட்டும், வண்டி வாங்கி முடிந்த நிமிடம் சோமண்ணன் மறுபடியும் ரிட்டயர் ஆன ப்யூன். வாங்காத வரைக்கும், பிஜியின் சாயாவையும் பிஜியின் ஆட்டோவையும் பிஜியின் பயத்தையும் அனுபவிக்கிற பெரிய மனிதர். எந்த மனிதன் தன் பதவிக்குத் தானே உலை வைப்பான்?

வெள்ளிக்கிழமை ஆயிற்று. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான். அன்றைக்கு அவர்கள் போனது அதியன்னூருக்கு. அரவிந்த் என்று ஒருவர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், மனைவி பிந்துவுக்கு இங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் மாமனார் வீட்டோடு வந்து இருந்தவர், இப்போது கனடா போகிறார். சென்னையில் வாங்கிய வண்டி, கேஎல் இருபது என்று இந்தப் பக்கத்து நம்பராக மாற்றிவைத்திருந்தார். வண்டி சின்னது, சுத்தமானது, விலையும் பிஜியின் கைக்கு எட்டுகிற விலை. சாவியைத் திருகினதும் ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பியது. இதுதான், இதுதான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

சோமண்ணன் தட்டினார், முகர்ந்தார், உம் என்றார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அவர் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. அப்போது அரவிந்த், மனிதர் நல்ல எண்ணத்தோடுதான், தானாக வாயைத் திறந்தார்.

"சார், மெட்ராஸ் வண்டியாச்சேன்னு யோசிக்காதீங்க. இது வெள்ளமே பார்க்காத வண்டி."

சோமண்ணன் நிமிர்ந்தார். "என்னது?"

"வெள்ளம் பார்க்காத வண்டி சார்."

"ஒரு தடவகூடயா?"

"ஒரு தடவைகூட இல்ல. வாங்கின நாள்லேர்ந்து. ஃப்ரெண்ட்ஸ் வண்டியெல்லாம் பார்த்துடுச்சு சார், நம்ம வண்டி மட்டும்தான் பார்க்கல" என்று அரவிந்த் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

இந்த ஊரில் குடிப்பது வெள்ளம், குளிப்பது வெள்ளம், கஞ்சிக்கு வைப்பது வெள்ளம். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பானட்டைத் திறந்து ரேடியேட்டரில் அளவு பார்த்தால் அதற்குப் பெயர் வெள்ளம் பார்ப்பது. சோமண்ணன் அப்படிக் கேட்டுத்தான் வளர்ந்தார், பிஜியும் அப்படியே. இரண்டு மொழியும் தெரிந்த பிந்து வீட்டில் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே விளக்கியிருப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

சோமண்ணன் பிஜியைக் கையைப் பிடித்துப் பலாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "கேட்டியா பிள்ளே? வாங்கின நாளு தொட்டு வெள்ளம் பாக்கல்லியாம்! அத ஒரு பெருமையாட்டு வேற சொல்லுதான்! எஞ்சினு வெந்து அவிஞ்சிருக்கும்."

"ஆனா அண்ணா, இப்போ தொறந்து பாத்தப்ப நெறைய வெள்ளம் கெடந்துதே?"

"நாம வாறோம்னு இன்னைக்குக் காலத்த கோரி விட்டதாக்கும்! கள்ளன்."

பிஜி திரும்பித் திரும்பி அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே போனாள். ஆட்டோவில் ஏறினதும் அழுகை வந்துவிட்டது. சோமண்ணன் ஆறுதலாகச் சொன்னார்: "அழாத மக்கா. உன்ன நான் ரெட்சிச்சேன்."

மறுநாள் சனிக்கிழமை. பிஜி சோமண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள், வேறு ஏதாவது வண்டி உண்டா என்று கேட்க. அவர் மனைவி விலாசினி தமிழ் சீரியலுக்காகக் காத்துக்கொண்டு டிவி முன்னால் இருந்தாள். சீரியலுக்கு முன்னால் செய்தி. சென்னையில் மழை. தெரு முழுக்க ஆறு மாதிரி ஓடுகிறது, அதில் கார்கள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதந்து போகின்றன. "வெள்ளத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான வாகனங்கள்" என்று மைக்கைப் பிடித்த பெண் மழையில் நனைந்துகொண்டு கத்துகிறாள்.

முந்தின நாள் கதையை விலாசினியும் கேட்டிருந்தாள். விலாசினிதான் முதலில் வாயைப் பொத்தினாள்.

"எனக்க தெய்வமே! அந்த மெட்ராஸ்காரன் சொன்ன வெள்ளம் இதாக்கும்!"

"இதுல முங்காத வண்டியின்னு சொன்னாரு அக்கா" என்றாள் பிஜி. குரல் கிறீச்சிட்டது. "நல்ல வண்டியின்னு சொன்ன மனுசனக் கள்ளன்னு சொல்லிட்டு வந்தமே!"

இரண்டு பெண்களும் சோமண்ணனைப் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பார்கள். வண்டிநோக்கி குனிவாரா?

"எந்த வெள்ளமானா என்ன? வெள்ளம்னு ஒண்ணு இருந்தா பாக்கணுமா வேண்டாமா?"

"ஒம்ம வாயில அந்த வெள்ளத்தக் கோரி விடணும்" என்றாள் விலாசினி.

பிஜி அங்கேயே நின்றபடி அரவிந்துக்குப் போன் செய்தாள். வண்டி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் கள்ளிக்காட்டிலிருந்து ஒருவர் பேசியிருக்கிறார், நாளைக்கு வருகிறார்.

"ஒத்தைக்கா வாறாரு?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரையும் கூட்டிட்டு வர்றாராம். அவர் பார்த்துச் சொன்னாத்தான் எடுப்பாராம்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அப்படியென்றால் வண்டி எங்கேயும் போகாது. இருந்தாலும் அவள் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"நில்லு மக்கா, சட்டையப் போட்டுட்டு நானும் வாறேன்!"

"அண்ணன் வரண்டாம்" என்றாள் பிஜி. சோமண்ணன் வாழ்க்கையில் அவரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

அதியன்னூரில் பிஜி தட்டவில்லை, முகரவில்லை. ஸ்டியரிங்கில் தானே உட்கார்ந்து, அரவிந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டுகால் வரைக்கும் ஓட்டினாள். ஏற்றத்தில் ஏறுகிறதா? ஏறியது. இறக்கத்தில் நிற்கிறதா? நின்றது. லேபுக்கு முன்னால் நிறுத்தி, பூட்டியிருந்த அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி வந்து முன்பணம் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை குமாரி மேடம் வரும்போது லேப் திறந்திருந்தது. சர்க்கரை பார்க்க வந்த கிழவர் ஒருவர் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு, "வலிக்குமா பிள்ளே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிஜிக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு வலிக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே சாயாக்கடையில் சோமண்ணன் குரல் ஓங்கிக் கேட்டது. "ஜோஷிக்க பெண்டாட்டிக்கு வண்டி நோக்கி எடுத்துக் குடுத்தது ஆரு? நானாக்கும்! எத்தற வண்டிய ஒதுக்கித் தள்ளினதுக்கு அப்பறம் கிடைச்சதுன்னு தெரியுமாலே?" கேட்டவர்களில் ஒருவர் மறுநாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக அங்கேயே நேரம் குறித்துக்கொண்டார்.

அட, சோமண்ணனை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பிஜி வாங்கியது என்ன கம்பெனி, என்ன மாடல், பெட்ரோலா டீசலா, லிட்டருக்கு எவ்வளவு என்று இதுவரை ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு அது உறுத்தியதா? "எதுவாக இருந்தாலும் மெட்ராஸ் வண்டியை எடுத்திருக்கக் கூடாது" என்று ஒரு இடத்தில் நாக்கு அரித்ததா? "கதை கொள்ளாம், ஆனா…" என்று இப்போது ஆரம்பிக்கிறீர்களா? அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி பார்க்கப் போகிற அன்றைக்குத் தயவுசெய்து நீங்கள் வெளியூர் போய்விடுங்கள். அந்த மனிதருக்கும் திங்கட்கிழமை எங்கேயோ ஒரு கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.