ஒன்பது எம்.எம். குடும்பத் தலைவர்

ஒரு குடும்பத் தலைவன் தன் குடும்பத்தைக் காப்பாற்ற அதிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை யாரும் அறிவியல்பூர்வமாக விடை சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கிறேன். துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் சூப்பர்வைசராக இருந்துகொண்டே, புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம் இருக்கும் என் வீட்டை ஆயுத பலத்தால் பாதுகாத்தவன் நான். அந்த ஆயுதம் கடைசி வரை வாங்கப்படவில்லை என்பது சின்ன விஷயம். வல்லரசுகள்கூட ஆயுதத்தைப் பற்றிப் பேசியேதான் பாதி உலகைப் பயமுறுத்துகின்றன.

எல்லாம் என் மனைவி கனகாவின் ஒரு போன் அழைப்பில் தொடங்கியது.

"என்னங்க, கொல்லைச் சுவத்த எவனோ ஏறிக் குதிச்சிருக்கான். மோட்டார் ஒயர அறுத்துக்கிட்டுப் போயிட்டான். பின்கதவுத் தாழ்ப்பாளு வேற சரியா விழல. நானும் பிள்ளையும் மட்டுந்தான இருக்கோம். ஒரு தடவ வந்து, சுவத்தக் கொஞ்சம் ஒசத்தி விட்டுட்டுப் போங்களேன்."

இதில் மூன்று கோரிக்கைகள் இருந்தன. தாழ்ப்பாள், சுவர், நான். மூன்றையும் நன்கு பரிசீலித்து, அவற்றில் இல்லாத நான்காவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தலைமைப் பண்பு என்பது இதுதான்.

"நீ பயப்படாத, நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொன்ன சொல் தவறவில்லை. அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், யூடியூபில். தாடி வைத்த ஓர் அமெரிக்கர் "குறைந்த விலையில் நிறைந்த பாதுகாப்பு" என்று நாளுக்கொரு பிஸ்டலைக் கழற்றிப் பூட்டிக் காட்டினார். சில வாரங்களில் எனக்கு மேகசின், ஸ்லைடு, டிரிகர் எல்லாம் மனப்பாடம். ஊரில் என் வீட்டுப் பின்கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்பதுதான் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொழிலாளர் கேம்ப் ரூமில் "ஆயுதக் கொள்முதல் உயர்மட்டக் குழு" கூடியது. தலைவர் நான். உறுப்பினர்கள் இருவர். ஒருவர் என் ரூம்மேட் பொன்னுச்சாமி, அரியலூர்க்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இன்னொருவர் அதிராம்பட்டினத்து மீராசா பாய். கேம்புக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். பிரியாணியோடு வருகிறவர் என்பதால் அவருக்குக் குழுவில் நிரந்தர இடம்.

"வாங்குனா செமி ஆட்டோமேட்டிக்தான் வாங்கணும்" என்று தீர்மானத்தை முன்மொழிந்தேன்.

பொன்னுச்சாமி கையை உயர்த்தினார். "அண்ணே, எங்க வீட்டு வாசிங் மிசினு செமி ஆட்டோமேட்டிக்குதான். பாதி வேலைய அது பாக்கும், மீதிய நம்ம பாக்கணும். ஈரத்துணிய எடுத்து அந்தப் பக்கத்துக் குழியில போடுறது நம்மதான். துப்பாக்கில எந்தப் பாதி நம்மளுது?"

"சுடுறது நாம. சுட்டதும் அடுத்த குண்ட மேல ஏத்தி வைக்கிறது அது."

"அப்ப கஷ்டமான பாதி நம்மளுதா."

இத்தகைய கேள்விகளைத் தலைவர்கள் பொருட்படுத்துவதில்லை. காலிபருக்குப் போனேன். காலிபர் என்பது குண்டின் குறுக்களவு. பாயிண்ட் இருபத்திரண்டு, பாயிண்ட் முப்பத்திரண்டு, பாயிண்ட் நாற்பத்தைந்து எல்லாம் அங்குலக் கணக்கு. ஒன்பது எம்.எம். என்பது மில்லிமீட்டர் கணக்கு.

"ஒரே சாமானுக்கு ரெண்டு அளவா? குடோன்ல நான் இப்படி ஸ்டாக் எழுதுனா நீங்க விடுவீங்களா?" என்றார் பொன்னுச்சாமி.

"அந்தப் பாயிண்ட் எதுக்கு மாப்ளே?" என்றார் மீராசா பாய்.

"பாயிண்ட எடுத்துட்டா நாப்பத்தஞ்சு இஞ்சு ஆயிடும் பாய்."

"அது டிவியாச்சே."

நான் குரலைத் தாழ்த்தி "நிறுத்தும் சக்தி" என்ற தத்துவத்தை விளக்கினேன். ஓடி வருகிறவனை ஒரே குண்டில் நின்ற இடத்திலேயே நிறுத்தும் ஆற்றல். இருபத்திரண்டு பட்டால் திருடனுக்குக் கோபம் மட்டும் வரும். நாற்பத்தைந்து சுட்டால் திருடன் விழுவான், சுட்டவனும் விழுவான், குண்டு விலையும் அதிகம். ஒன்பது எம்.எம். நடுத்தர வர்க்கத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது. குண்டு மலிவு, உதறல் குறைவு, மேகசினில் நிறையக் கொள்ளும். பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கைப்பிடி, சுடுகிறவர் கைக்குப் பொருந்த வேண்டும் என்று தாடிக்காரர் வலியுறுத்தியிருந்தார். வீட்டில் இருக்கப்போவது கனகா. உடனே போன் செய்தேன்.

"கனகா, உன் கை அளவு என்ன?"

பதில் வந்த குரல் வேறு குரலாக இருந்தது. "ரெண்டு ஆறு. ஏங்க, வளையலா?"

"ஆமா" என்றேன். அஞ்சா நெஞ்சனுக்கு அந்த நேரத்தில் வேறு பதில் வரவில்லை.

போனை வைத்ததும் பொன்னுச்சாமி கேட்டார். "ரெண்டு ஆறா? அது புது காலிபரா அண்ணே?"

அடுத்த மாதம் மீராசா பாய் ஊருக்கு அனுப்பிய கார்கோவில் அந்த அளவில் ஒரு ஜோடி வளையலையும் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. நமது பாதுகாப்பு பட்ஜெட்டின் முதல் செலவு அதுதான்.

"இவ்வளவு எதுக்கு மாப்ளே" என்றார் மீராசா பாய். "மேனேஜர்ட்ட போய் லீவு கேளு. ஊருக்குப் போய் ரெண்டு வருசமாச்சுல்ல."

நான் லீவு கேட்கப் பயப்படுகிறவன் அல்ல. மறுநாளே மேனேஜரின் அறைக்குள் நிமிர்ந்த நெஞ்சோடு நுழைந்தேன். அவர் தலை நிமிராமல், "சொல்லு விஜயபாஸ்கர்" என்று ஹிந்தியில் சொன்னார். எதிரே இருந்த அந்த ஒரு தலையின் நிறுத்தும் சக்தி நாற்பத்தைந்தை விட அதிகம்.

"சார், ஏசி நல்லா கூலா இருக்கு" என்றேன்.

"அச்சா. ஸ்டாக் எடுக்கிற வேலை இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவாயா?"

"வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இதைத் தோல்வி என்று சொல்வோர் உண்டு. ராணுவத்தில் இதற்குப் பெயர் தந்திரோபாயப் பின்வாங்கல்.

ஏட்டுக் கல்வி போதாது, களப் பயிற்சி வேண்டும் என்று அந்த இரண்டு ஞாயிறுகளும் கழிந்த பின் முடிவு செய்தேன். அல் ஐன் போகும் வழியில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் மீராசா பாயின் வாடிக்கையாளர் ஒருவர் வேலை பார்த்தார். அவர் ஏற்பாட்டில், பாயின் காரில் மூவரும் போனோம். அடையாள அட்டையைக் காட்டி, போன்களை லாக்கரில் பூட்டிவிட்டு, காதுக்குக் கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கண்ணாடியின் பயன் எனக்குப் பிறகுதான் புரிந்தது. கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அது உபயோகமானது.

பயிற்சியாளர் ஒரு பிலிப்பினோ பெண். முதலில் இருபத்திரண்டு கொடுத்தார். பட்டாசுக் கடையில் சாம்பிள் வெடித்தது போலச் சத்தம். நான் இகழ்ச்சியாகச் சிரித்து ஒன்பது எம்.எம். கேட்டேன். அது வெடித்தபோது என் உள்ளங்கை, தோள், முன்னோர்கள் எல்லாம் ஒருமுறை ஆடி அடங்கின. காலித் தோட்டா ஒன்று சூடாகத் துள்ளி வந்து சட்டைக் காலருக்குள் விழுந்தது. நான் ஆடத் தொடங்கும் முன் அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துத் துப்பாக்கியைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டார்.

"சார், கண்ணைத் திறந்து சுடுங்கள்" என்றார் பணிவாக.

என் இலக்கு அட்டை பிறந்த மேனிக்கு இருந்தது. பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் தன் அட்டையில் ஓட்டை ஒன்று கூடுதலாக இருப்பதாகச் சொல்லி எனக்கு நன்றி தெரிவித்தார். பொன்னுச்சாமியைச் சுடச் சொன்னபோது, "எனக்கு ஃபோர்க்லிஃப்ட்டு போதும்ணே" என்று ஜூஸ் வாங்கப் போய்விட்டார்.

ஆனாலும் பெருமிதத்தோடுதான் லாக்கரைத் திறந்தேன். போனில் கனகாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. திரும்ப அழைத்தேன்.

"இப்ப ஒண்ணுமில்ல" என்றாள். மூச்சு இன்னும் சரியாக இறங்கவில்லை. "வெளக்கு வைக்கிற நேரத்துல கரண்டு போச்சு. எவனோ பின்கதவத் தள்ளுனான். தாழ்ப்பாளு தெறிச்சு விழுந்துருச்சு. அரிசி டிரம்ம நகட்டி முட்டுக் குடுத்துட்டு, நானும் சந்தியாவும் அது மேலயே ஏறி உக்காந்துக்கிட்டோம். அடுத்த வீட்டுப் பூவாயி அக்காவுக்குப் போன் போட்டேன். அவுக வீட்டு ஆளுகளக் கூட்டிக்கிட்டு வந்து சத்தம் போடவும் ஓடிட்டான். உங்களுக்கு எத்தன தடவ அடிச்சேன். எங்க இருந்தீங்க?"

"டியூட்டில" என்றேன்.

"சரி" என்றாள்.

அந்தச் "சரி"யைப் பற்றி இந்த வீர வரலாற்றில் விரிவாக எழுத இடமில்லை. திரும்பும் வழியில் மீராசா பாய் ரேடியோவை அணைத்துவிட்டார். பொன்னுச்சாமி எனக்காக வாங்கிய ஜூஸ் என் மடியிலேயே சூடாகிக்கொண்டு வந்தது. பத்து வயது மகள் சந்தியா அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தால் அவள் கால் தரையைத் தொடுமா என்று யோசித்துப் பார்த்தேன். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவில்லை.

அறிவில்லாத ஒருவன் அன்றே விமான டிக்கெட் போட்டிருப்பான். நான் ஆயுதத் திட்டத்தை விரைவுபடுத்தினேன்.

அப்போதுதான் மீராசா பாய் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். "மாப்ளே, நம்ம நாட்டுல ஒம்போது எம்.எம். நம்மள மாதிரி ஆளுகளுக்குக் கெடயாதாம். அது போலீசு, ராணுவத்துக்கு. நமக்கு முப்பத்திரண்டுதான்."

மூன்று மாத ஆராய்ச்சி. ஒன்பது எம்.எம்.முக்காக நான் இந்த அறையில் ஆற்றிய உரைகள் எத்தனை. ஒரு நொடி தளர்ந்தேன். அடுத்த நொடி முப்பத்திரண்டின் மகிமைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அடக்கமானது, பெண்கள் கைக்கு ஏற்றது, குடும்பப் பாங்கானது.

"என்ன விலையாம்?" என்றார் பொன்னுச்சாமி. மலிவான மாடலுக்கே ஒரு லட்சம் ஆகலாம் என்று பாய் சொன்னார்.

"அந்தக் காசுக்குச் சுவத்த ஒசத்தி, இரும்புக் கதவு போட்டு, ஒரு நாயும் வளக்கலாமேண்ணே."

"அது உள்கட்டமைப்பு. நாம பேசுறது பாதுகாப்பு" என்று அவரை உட்கார வைத்தேன்.

வீட்டில் இருப்பவள் பெயரில்தான் உரிமம் கேட்பது முறை என்று, ஊரில் இருக்கும் என் நண்பன் அன்பரசனை வீட்டுக்கு அனுப்பினேன். கனகா போனில் கேட்டாள். "அன்பரசன் அண்ணே கையெழுத்து கேக்குறாக. எதுக்குங்க?"

"வீட்டுப் பாதுகாப்புக்கு."

"தாழ்ப்பாளுக்கா?"

"அத விட ஒசத்தி."

அவள் போட்டுக் கொடுத்தாள். என்னை நம்பி எதிலும் கையெழுத்துப் போடும் பழக்கம் அவளுக்குக் கல்யாணத்திலிருந்தே உண்டு.

கொஞ்ச நாளில் விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் சேதுபதி வீட்டுக்கு வந்தார். கனகா பதறி எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேசை மேல் வைத்துவிட்டாள். விசாரணை எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, துப்பாக்கி லைசென்சு கேட்டிருக்கீங்களே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துப்பாக்கியா?" என்றாள் கனகா.

நான் இங்கிருந்து உதவிக்குப் போனேன். "சார், நான் அவங்க வீட்டுக்காரரு, துபாய்லேருந்து. செமி ஆட்டோமேட்டிக் சார், பாயிண்ட் முப்பத்திரண்டு..."

"நீங்க கொஞ்சம் இருங்க. அம்மா சொல்லட்டும். உங்களுக்கு யாரால ஆபத்தும்மா? யாரும் மிரட்டுறாங்களா? பேரு எதுவும் சொல்ல முடியுமா?"

கனகா யோசிப்பது இங்கே வரை கேட்டது.

"அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க சார்" என்றாள் கடைசியில். "தாழ்ப்பாள நானே ஆள் வச்சு மாத்திட்டேன். அந்த ஒயர் திருடன மட்டும் பிடிச்சுக் குடுங்க."

"அவன நேத்து இலுப்பூர்ல பிடிச்சாச்சும்மா. பின்கதவத் தள்ளுனதும் அவன்தான், ஒத்துக்கிட்டான். சுவத்த மட்டும் கொஞ்சம் ஒசத்திக் கட்டுங்க."

விண்ணப்பம் "பரிந்துரைக்கப்படவில்லை". நாட்டின் பாதுகாப்புக் கொள்கையில் உள்ள ஓட்டைகளைப் பற்றி அன்று குழுவில் நீண்ட உரை ஆற்றினேன். உரை பாதியில் இருக்கும்போதே மீராசா பாய் என் கையைப் பிடித்து எழுப்பி, கிடங்கு அலுவலகம் வரை கூட்டிப்போய், மேனேஜரின் கதவைத் தானே தட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். உள்ளே போய்விட்டேன். வேறு வழியில்லாமல் லீவு கேட்டேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இரண்டு வருட லீவு அப்படியே இருக்கிறதே. எப்போது போகிறாய்?"

அவ்வளவுதான். ஏசியைப் பாராட்ட எடுத்த நேரம்கூட ஆகவில்லை. நான் நன்றி சொல்லித் திரும்பும்போது அவர் கேட்டார். "உனக்குக் குடும்பம் இருக்கிறதா? ஊர்ப் பேச்சே எடுத்ததில்லையே. யாரும் இல்லாதவன் என்று நினைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உன்னையே கூப்பிட்டேன்."

ஊருக்குப் போனபோது சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியிருந்தது. பின்கதவில் விரல் பருமனில் இரும்புத் தாழ்ப்பாள். கதவு உள்பக்கம்தான் திறக்கும் என்பதையும் நேரில் உறுதி செய்துகொண்டேன். கட்டிய கொத்தனார் யார், செங்கல் எங்கே வாங்கியது என்று கேட்டு, ஒரு சூப்பர்வைசருக்குரிய முகத்தோடு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து ஒப்புதல் வழங்கினேன். சந்தியா என் தோள் வரை இருந்தாள். என்னைப் பார்த்து "ஹாய்ப்பா" என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்கும் மரியாதையோடு, "டீயா காபியா?" என்றும் கேட்டாள்.

சாயங்காலம் கனகா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய திட்டம் வீணானதில் எனக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது. மெல்ல எடுத்தேன்.

"எல்லாம் சரி கனகா. அன்னைக்கு இன்ஸ்பெக்டரு, யாரால ஆபத்துன்னு கேட்டப்ப, ஏதாவது ஒரு பேரச் சொல்லியிருந்தா லைசென்சு கெடச்சிருக்கும்."

அவள் கடைசித் துணியையும் கொடியிலிருந்து உருவி, உதறி, என் கையில் இருந்த குவியலின் மேல் போட்டாள்.

"சொல்லலாம்னுதாங்க வாயெடுத்தேன்" என்றாள். "நீங்க லைன்ல இருந்தீங்க."