அண்டம் விசாரித்த வழக்குகள்

காணாமல் போன பனியனைத் தேடிக் கிளம்பிப் பிரபஞ்சத்தின் விளிம்புவரை போய்த் திரும்பக்கூடியவன் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருவன்தான். அவனை நாங்கள் 'அண்டம்' என்று கூப்பிடுவோம். கால்நடை மருத்துவம் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழன், ஒரத்தநாட்டுக்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் வகுப்பில் வருகை எடுக்கும்போது மட்டும் கேட்கும். அதற்கும் சில நாள் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான்.

அவன் படித்ததெல்லாம் ஒரே ரகக் கதை. முதல் பக்கத்தில் ஒரு பிணம். துப்பறிவாளர் வந்து சிகரெட் சாம்பல், செருப்புத் தடம் என்று மோப்பம் பிடிப்பார். கடைசியில் தரையைத் தோண்டினால், பூமி உண்டாகும் முன்பே தூங்கப்போன ஏதோ ஒன்று கண்ணைத் திறந்து பார்க்கும். துப்பறிவாளருக்குப் பைத்தியம் பிடிக்கும். சுபம்.

"இதுல என்னடா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சமையக்காரன்தான் கொன்னான்னு முடிஞ்சா, புஸ்தகத்தை மூடிட்டுத் தூங்கிடுவ. இதுல கேஸ் முடிஞ்சுரும் மாப்ள, பயம் முடியாது. அதுதான் ருசி" என்றான், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே.

கொடியில் காய்ந்த என் பனியன் காணாமல் போனபோது வழக்கு அவனிடம்தான் போனது. கொடிக்குக் கீழே குளம்புத் தடம், வேலியில் ஒரு நூல். அரை மணியில் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். அடுத்த தெருப் பசுமாடு, வாயோரத்தில் கைப்பகுதி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கைதட்டினேன். அவன் முகம் மட்டும் தெளியவில்லை.

"மாடு வெறும் கையாள்டா. அதுக்குள்ள பசின்னு ஒண்ணை வெச்சது யாரு?"

பனியன் போனது போதாதென்று எனக்கு அன்று தூக்கமும் போனது.

செத்த எருமையை அறுத்துப் பார்க்கும் வகுப்பிலும் இதே கதை. "என்னய்யா காரணம்?" என்றார் பேராசிரியர்.

"கல்லீரல்ல புழு சார்."

"சரி."

"ஆனா ஏவிவிட்டது யாருன்னு தெரியல சார்."

"நீ வெளிய போ" என்றார். போனான்.

படிப்பு முடிகிற வருஷம் என் அப்பா போய்விட்டார். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றவருக்கு அம்மா ஓமத் தண்ணி கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். வந்த உறவெல்லாம் "அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்று அம்மாவிடமே சொல்லி, காபியும் குடித்துவிட்டுப் போனது. அம்மா சோற்றைத் தொடவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்" என்பதைத் தவிர அவளிடம் பேச்சில்லை. அப்படிச் சொல்லாதே என்று நாங்கள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த அண்டம், நிஜமாகவே விசாரித்தான்.

அம்மா எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "நீங்கதான் கொன்னீங்களாம்மா? சரி, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான். அவனை வாய்க்காலில் தள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் அம்மா தலையை நிமிர்த்திப் பேச ஆரம்பித்தாள்.

"வேர்த்துச்சாம்மா?"

"இல்ல தம்பி. முந்தின நாள் மொச்சக்கொட்டக் குழம்பு. வாயுன்னு நெனச்சேன்."

"ஓமத் தண்ணி குடிச்சு முன்னாடி சரியாயிருக்கா?"

"எத்தனையோ தடவ."

"பீடி?"

"விட்டுட்டேன்னுதான் சொல்லுவாரு. மாட்டுக் கொட்டாய்ல பாரு."

போய்ப் பார்த்தான். கூரைச் செருகலிலிருந்து ஒரு கட்டு பீடியோடு வந்தான். அதைப் பார்த்ததும் அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடியும்வரை காத்திருந்து அவன் சொன்னான்: "எனக்கும் உங்க மேலதான் சந்தேகம் இருந்துச்சும்மா. நல்லா விசாரிச்சாச்சு, நீங்க இல்ல. அடைப்பு ரொம்ப வருஷமா உள்ள வளர்ந்துருக்கு. பீடி அதுக்குக் கூட்டாளி. ஏன் அன்னிக்கு, ஏன் அந்த வரப்புலன்னு கேட்டா, பதில் யாருகிட்டயும் இல்ல. அது நம்மளவிட ரொம்பப் பெரிசு. அதுக்கு முன்னாடி உங்க ஓமத் தண்ணி எம்மாத்திரம்?"

"சாப்ட்டியா தம்பி?" என்று அம்மா எழுந்தாள். இரண்டு இலை போட்டாள். ஒன்று அவளுக்கு.

இப்போது அண்டம் தாராசுரம் பக்கம் மாட்டு டாக்டர். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனால், அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அவன் வரலையா?" என்பாள். பஸ் ஏறும் முன்பே, 'நீயும் வந்துடுடா' என்று அவனுக்குப் போன் போட்டிருப்பேன்.