நெல்லிச்சாற்றுக்கும் போகாத ஊதா

ஆரணி

மரியாதைக்குரிய தனகோடி மாமா அவர்களுக்கு, மைத்துனன் தனசேகரன் கைகூப்பி எழுதிக்கொள்வது. வந்தவாசியில் நீங்களும் திலகவதி அக்காவும் சௌக்கியம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். கலையரசி மட்டும் என்னோடு பேசுவதில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

பெற்ற அப்பன் உதவி செய்தது குற்றமாம். எம்.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடிக்கிற பெண், கல்லூரிக் கண்காட்சியில் ஒரு சோதனை வைத்திருந்தாள். வருகிற பேராசிரியருக்குப் பிடித்தால் சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம், பிடிக்காவிட்டால் உங்கள் மகனைக் கட்டிக்கொள்வதாக எனக்கு வாக்கு. குப்பியில் ஊதாத் தண்ணீர். "இதுல ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாம தனியா திரிஞ்சிகினு கீது பா. நெல்லிக்கா சாறு ஊத்துனா ஜோடி கெடைச்சு அடங்கிடும்" என்றாள். ஜோடி சேர்ந்தால் அடங்கும் என்று படித்தவளே சொல்கிறாள், கல்யாணம் என்றால் மட்டும் கசக்கிறது, பாருங்கள்.

அவள் சாப்பிடப் போனதும் மேஜையைப் பார்த்தேன். ஒத்திகை பார்த்த குழாய்களில் எல்லாம் ஊதா வெளுத்து மஞ்சளாகக் கிடக்கிறது. பரம்பரையாகப் பட்டுக்குச் சாயம் போடுகிற வீட்டுப் பெண்! சுற்றிலும் நம் தெருக்காரர்கள் வேறு. மானம் போகிறதே என்று, கடைக்குக் காட்டச் சட்டைப்பையில் வைத்திருந்த நம் ஊதாச் சாயப்பொடியில் ஒரு சிட்டிகையைக் குப்பியில் கலந்துவிட்டேன்.

பேராசிரியர் வந்தார். கலையரசி சாறு விட்டாள். ஊதா அசையவில்லை. இன்னும் விட்டாள், குலுக்கிப் பார்த்தாள். "நெல்லிக்காயில ஒண்ணுமே இல்லியாம்மா?" என்றார் அவர். "பாத்தீங்களா சார், கலர் எப்படி நிக்குது!" என்று நான் ஒருவனே கைதட்டினேன். வீட்டுக்கு வந்து பெருமையாக விஷயத்தைச் சொன்னதும் ஓவென்று அழுதாள். "அது வெளுக்கணும் பா! வெளுத்தாதான் நெல்லிக்காயில கீற மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்!" வெளுக்கிற சாயத்துக்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு பேராசிரியர்! போகட்டும், வாக்கு வாக்குதான். நல்ல நாள் பார்த்துத் தட்டோடு வாருங்கள். அக்காவுக்கு நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தனசேகரன்

பி.கு.: மடித்த கடிதத்தைத் தபாலில் போட மனசு வரவில்லை. ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த இன்னொரு குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து, நானே நெல்லிச்சாறு விட்டுப் பார்த்தேன். கண்ணெதிரே ஊதா போய் மஞ்சளானது. வெட்கமாகிவிட்டது மாமா. பேராசிரியருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே வெகுநேரமானது. மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்து, இடமும் கொடுத்துவிட்டார். ஆகவே தட்டு வேண்டாம், மாப்பிள்ளைக்கு வேறு இடம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் சென்னைக்குக் கிளம்புகிறாள். இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிவர வேண்டிய பெட்டியை என் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.