கால் வாடை

எலி கூடு கட்ட மறுத்துவிட்டது.

கட்டைவிரல் அளவே இருக்கும் புல்வெளிச் சுண்டெலி அது. ஊருக்கு வெளியே இடுப்பளவு வளர்ந்த புல்லில், அந்தப் புல்லின் தாள்களையே நார்நாராகக் கிழித்துப் பந்துபோல் கூடு பின்னும். அந்தப் புல்வெளியை வழித்தெடுத்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் பார்த்தார்கள். "மனிதக் கால் வாடை பட்ட இடத்தில் இது கூடு கட்டாது. சுற்றிலும் வேலி வேண்டும்" என்று எலி ஆய்வாளர் அறிக்கை எழுதினார். கூட்டைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து என்றார் மேலதிகாரி அம்மாள்.

புல்வெளிக்குள் ஆளைக் கூட்டிப் போனால் எலிகள் ஓடிவிடும். அலுவலகத்திலோ பூனை. ஆகவே ஓர் எலி மட்டும் கண்ணாடிப் பெட்டியில், புல்லோடு ஆய்வாளரின் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

காற்றில்லாமல் எப்படிக் கட்டும் என்று மேசை விசிறியை வைத்தார். எலி மூலையில் சுருண்டது. வெயில் போதாதோ என்று ஜன்னலோரம் நகர்த்தினார். புல் வாடியது. பாவம், புழுங்குமே என்று மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்தார்.

"ஏங்க, பெட்டி காலியா இருக்கு" என்றாள் மனைவி.

"கத்தாதே. இங்கதான் எங்கயாவது இருக்கும்."

"எங்கயாவதுன்னா? என் சமையலறையிலயா?"

பீரோவை நகர்த்தினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டிலடியில் நுழைந்தார், பாதியில் சிக்கிக்கொண்டார். மனைவிதான் காலைப் பிடித்து இழுத்தாள்.

"மூணு மாசமா விடிஞ்சதும் நடக்கப் போறீங்க. தொப்பை இம்மி குறையலையே?"

"அது உடம்பு வாகும்மா."

டாக்டர் மிரட்டிய அன்றே அவள் தேடித்தேடி வாங்கித் தந்த ஷூ. தெருச் சேறு படக் கூடாதென்று பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். பூங்காவுக்குப் போய்த்தான் காலில் போடுவாராம். எலி தொலைந்ததிலிருந்து அந்தப் பை கதவோரக் கொக்கியில், துடைப்பத்துக்கு மேலே தொங்கியது.

நாலு நாள் கழித்து இன்னொரு புகார் வந்தது. "துடைப்பம் தினம் இளைக்குது. நீங்கதான் இளைக்கக் காணோம்."

ஆய்வாளர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்குப் புல்வெளிதான் கண்ணில் நின்றது. அங்கே வண்டிகள் வரிசையாய் நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சொன்ன நாளில் மேலதிகாரி அம்மாள் வந்துவிட்டார். காலிப் பெட்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"கூடும் இல்ல, எலியும் இல்ல. எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட?"

"மேடம், புல்வெளிக்கே போய் ஓரமா நின்னு பார்த்துடலாம்."

"அப்ப ஷூவைப் போட்டுக்கோங்க" என்று மனைவி பையை இறக்கி, ஒரு ஷூவை வெளியே எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

ஷூவுக்குள், துடைப்பப் புல்லை நார்நாராகக் கிழித்துப் பின்னிய அழகான பந்து. அதன் நடுவே சுண்டெலி. அதன் வயிற்றோரம் இளஞ்சிவப்பாய் நாலைந்து குட்டிகள். ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலதிகாரியின் முகம் மட்டும் சுருங்கியது. "கால் வாடை பட்ட இடத்துல கட்டாதுன்னு எழுதியிருக்கீங்க. இது யாரு ஷூ?"

"இவருதுதாங்க" என்றாள் மனைவி பெருமையாக. "மூணு மாசமா தினமும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கிறாரு."

"அப்ப உங்க அறிக்கை தப்பு. வேலிக்கு அவசியமே இல்ல."

ஆய்வாளர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மறுபடி எலியைப் பார்த்தார்.

மேலதிகாரி பையிலிருந்த மற்றொரு ஷூவை எடுத்தார். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே மோந்து பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டே மனைவியைப் பார்த்து மலர்ந்து சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் அறிக்கை நூத்துக்கு நூறு சரிம்மா. இந்த ஷூவுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் ஒரு காலும் நுழையல."